ஆயிரம் ரூபாய்ப் பதிவும் மூட்டுவலித் தைலமும்

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் தமிழ்நாட்டின் ஏதாவதொரு நடுத்தர ஊரில் உள்ளூர் சேனலைப் போட்டால் திரை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நடுவில் கறுப்பு வெள்ளைப் பாட்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அடியில் ஒரு பட்டை, அதில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு கண்ணீர் அஞ்சலி, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரத்தோடு. அடுத்து, நாளைக்கு எந்தெந்தத் தெருக்களில் மின்தடை. பிறகு இலவசக் கண் சிகிச்சை முகாம், இன்றைய பவுன் விலை, மறுபடியும் அதே கண்ணீர் அஞ்சலி.

இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரென்று ஊகிப்பது கடினமல்ல. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் வீட்டில் இல்லாத வேளை அது. மாலையில் அவர்கள் திரும்பி வந்தாலும் கையில் கைப்பேசி இருக்கிறது. உள்ளூர் சேனல் நடைமுறையில் முதியோர் சேனலாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டு அப்படி ஆக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோக, உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அந்த முதியவருக்கு அந்தத் திரையில் மிகவும் பயன்படுவது எது? பாட்டைவிட, அடியில் ஓடும் எழுத்துதான். தெருவில் யார் இறந்தார் என்பதும், மின்விசிறி எத்தனை மணிக்கு நிற்கும் என்பதும் அவருக்கு அதில்தான் தெரிகிறது. காசு வாங்கிக்கொண்டு ஓடவிடும் அந்த எழுத்து விதிப்படி அங்கே இருக்கக் கூடாது என்பது வேடிக்கை. கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994இல் 7ஆம் விதி விளம்பர நெறிகளைச் சொல்கிறது. அதன் 10ஆவது உட்பிரிவின்படி, விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். நிகழ்ச்சிக்கு இடையூறாக, திரையின் கீழ்ப்பகுதியில் நின்றோ நகர்ந்தோ வரும் வாசகங்களைப் போடக் கூடாது. பெரிய செயற்கைக்கோள் சேனல்களே இதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் உள்ளூர்க்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதே உட்பிரிவின் முதல் பாதி, அதாவது விளம்பரம் எது, நிகழ்ச்சி எது என்று தெரிய வேண்டும் என்ற பகுதி, முதிய பார்வையாளருக்கு உயிர்நாடி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தச் சேனல்கள் எந்த உரிமத்தில் ஓடுகின்றன என்று பார்ப்போம்.

சுருக்கமான விடை: பெரும்பாலானவை நெடுங்காலம் எந்த உரிமத்திலும் ஓடவில்லை. 1980களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பி இழுத்து, ஒரு வி.சி.ஆரில் கேசட் போட்டு ஓட்டியதில் தொடங்கிய தொழில் இது. தொண்ணூறுகளில் வெளிநாட்டுச் சேனல்கள் வந்தபோதுதான் அரசு விழித்துக்கொண்டு 1994இல் அவசரச் சட்டமும், 1995இல் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் (ஒழுங்குமுறை) சட்டமும் கொண்டுவந்தது. பதிவு செய்ய வேண்டியவர் கேபிள் ஆபரேட்டர். செய்ய வேண்டிய இடம் தலைமை அஞ்சலகம். கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கம்பி யாருடையது என்பதற்குத்தான் அந்தப் பதிவு. கம்பி வழியாக அவரே ஒளிபரப்பும் சேனலுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. நிகழ்ச்சி நெறிகளும் விளம்பர நெறிகளும் அவரைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். 2025 ஜனவரியிலிருந்து அஞ்சலகத்துக்குப் போக வேண்டியதில்லை. உள்ளூர் ஆபரேட்டர் பதிவு இணையவழிக்கு மாறிவிட்டது. ஐந்தாண்டுக்கு 5,000 ரூபாய். அதுவும் கம்பிக்கான பதிவுதான்.

சேனல் பக்கம் பார்வை திரும்பியது 2014இல். நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை வெளியிட்டது. கேபிள் நிறுவனங்கள் தம் சந்தாதாரருக்கு மட்டும் தாமே ஒளிபரப்பும் சேனல்களுக்கு அது வைத்த பெயர் ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’. செயற்கைக்கோள் சேனல் தொடங்குகிறவர் நிகர மதிப்பு காட்டி, உள்துறையின் பாதுகாப்பு அனுமதி வாங்கி நடையாய் நடக்கிறார். அதே செய்தியை அதே வீட்டுக்கு உள்ளூர்க் கம்பியில் அனுப்புகிறவரை யாருக்கும் தெரியவில்லை. இது என்ன நியாயம் என்பது டிராயின் வாதம். வாதம் சரிதான். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதைச் செயல்படுத்த எட்டாண்டு எடுத்துக்கொண்டது. 2022 நவம்பர் 30 அன்று மல்டி சிஸ்டம் ஆபரேட்டர்களுக்கான, அதாவது ஊர் ஊராக உள்ள கேபிள்காரர்களுக்குச் சிக்னல் தரும் எம்.எஸ்.ஓ.க்களுக்கான, பிளாட்ஃபார்ம் சர்வீஸ் வழிகாட்டி நெறிகள் வெளியாயின.

அதன்படி ஒரு சேனலைப் பதிவு செய்ய ஒரே ஒருமுறை 1,000 ரூபாய். அதே மாதம் வெளியான செயற்கைக்கோள் சேனல் நெறிகளில் செய்திச் சேனலுக்குக் காட்ட வேண்டிய நிகர மதிப்பு 20 கோடி ரூபாய், செய்தி அல்லாததற்கு 5 கோடி. இந்த வித்தியாசத்தைப் பார்த்தால் உள்ளூர் சேனலுக்கு அரசு வாசலை அகலத் திறந்துவிட்டதுபோலத் தோன்றும். திறந்தது உண்மை. யாருக்குத் திறந்தது என்பதுதான் கேள்வி. பதிவு எம்.எஸ்.ஓ.வின் பெயரில். ஊரில் கேமரா தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கும் நகராட்சிக் கூட்டத்துக்கும் ஓடுகிற, மாடியில் ஒரு அறை எடுத்து இரண்டு கம்ப்யூட்டர் வைத்துச் சேனல் நடத்துகிற ஆள், சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. அவர் எம்.எஸ்.ஓ.விடம் இடம் கேட்டுப் போகிறவர். இடம் கொடுத்தால் உண்டு. நாளைக்கே எடுத்துவிட்டால் போய்க் கேட்க ஒரு உரிமக் காகிதம் அவரிடம் கிடையாது.

உள்ளூர்ச் செய்தி கொடுக்க வேண்டுமானால் எம்.எஸ்.ஓ. கம்பெனியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மொத்தம் ஏற்றிச்செல்லக்கூடிய சேனல்களில் இந்த பிளாட்ஃபார்ம் சர்வீஸ் சேனல்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாநில அளவில் கணக்கிடும் அந்த 5 சதவீதம் போக, மாவட்டத்துக்கு இரண்டு சேனல் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். மாவட்டத்துக்கு இரண்டு என்ற இந்தச் சலுகை உள்ளூர்த் தேவையை மனத்தில் வைத்துக் கொடுத்தது. டெல்லியில் உட்கார்ந்து பார்த்தால் மாவட்டம் சிறியதாகத் தெரியும் போலிருக்கிறது. ஒரே மாவட்டத்தில் இருக்கும் கும்பகோணத்துக்காரருக்குப் பட்டுக்கோட்டையின் மின்தடை அறிவிப்பு எதற்கு?

இன்னொரு நிபந்தனை முதியவர்களை நேராகத் தொடுகிறது. ஒரு எம்.எஸ்.ஓ.வின் பிளாட்ஃபார்ம் சர்வீஸில் வருவது வேறு எந்த எம்.எஸ்.ஓ.விலும் வரக் கூடாது. நேரடியாகவும் கூடாது, சுற்றிவளைத்தும் கூடாது. ஒரே தெருவில் பாதி வீடு ஒரு கேபிள், மீதி வீடு இன்னொரு கேபிள் என்று இருப்பது நம் ஊர்களில் சாதாரணம். இந்த வீட்டுப் பெரியவர் பார்க்கும் உள்ளூர் சேனல் எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சட்டப்படி கிடைக்காது. ஒரே ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்: கோயில், குருத்வாரா போன்ற வழிபாட்டுத் தலங்களிலிருந்து வரும் நேரலையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆக, கும்பாபிஷேகத்தை இரண்டு வீட்டிலும் பார்க்கலாம். வெள்ள எச்சரிக்கையை அப்படிப் பார்க்க முடியாது. இந்த நெறிகளை எழுதியவர்கள் யாரும் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு சேனல் பல கேபிளில் போனால் அது செயற்கைக்கோள் சேனலுக்கு நிகராகிவிடும், அப்புறம் 1,000 ரூபாய்ப் பதிவு எப்படிப் பொருந்தும் என்ற கவலையில் போட்ட வேலி அது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி டிராயிடமே இருக்கிறது. 2024 அக்டோபரில் தரைவழி ஒளிபரப்பாளர்கள் பற்றி ஓர் ஆலோசனை அறிக்கையை அது வெளியிட்டது. செயற்கைக்கோள் இல்லாமல், கேபிள் அல்லது இணையக் கம்பி வழியாகவே ஒரு சேனலைப் பல எம்.எஸ்.ஓ.க்களுக்குக் கொடுக்க முடியும். அப்படிக் கொடுப்பவருக்கு அவர் பெயரிலேயே அனுமதி தரலாமா என்பது அதன் மையம். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. மாடி அறைக்காரருக்கு அவர் பெயரில் ஒரு காகிதம் கிடைக்கும் வழி இதுதான். ஆனால் அதில் 5 கோடி நிகர மதிப்பு என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது.

அடுத்து, என்ன போடுகிறார்கள் என்ற விஷயம். உள்ளூர் சேனலின் முதுகெலும்பு பழைய பாட்டும் பழைய படமும். கேபிள் விதி 6 தெளிவாகச் சொல்கிறது: பதிப்புரிமை உள்ள எதையும் உரிமையாளரின் அனுமதியின்றிக் கேபிளில் காட்டக் கூடாது. திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1961இல் வெளியான ஒரு படத்துக்கு 2021 இறுதியில் காலம் முடிந்துவிட்டது. நம் முதியவர்களின் இளமைக்காலப் படங்கள் ஒவ்வோர் ஆண்டும் வரிசையாக வேலியைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருக்கின்றன என்று மகிழலாம்தான். ஆனால் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் கணக்கு வேறு: அவர்கள் இறந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார், அவர் வரிகளுக்கு 2041 இறுதிவரை காலம் இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015இல் மறைந்தார், அவர் மெட்டுகளுக்கு 2075வரை. படம் விடுதலையாகிவிட்டது, அதிலுள்ள பாட்டு விடுதலையாகவில்லை என்ற நிலை. மாடி அறையில் பென்டிரைவிலிருந்து பாட்டு ஓடவிடும் பையனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரிய நிறுவனம் நோட்டீஸ் அனுப்பும் அன்றுதான் தெரியவருகிறது. வசதியில்லாத சேனல் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை விற்கத் தொடங்குகிறது.

விற்ற நேரத்தில் வருபவர்தான் மூட்டுவலித் தைலக்காரர்.

அரை மணி நேர நிகழ்ச்சி. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், எதிரே சிரித்த முகத்தோடு ஒரு தொகுப்பாளர், பின்னால் மூலிகைப் படம். நேயர்கள் தொலைபேசியில் வருகிறார்கள். “ஐயா வணக்கம், எட்டு வருஷமா சக்கரை, ராத்திரி கால் எரியுது” என்று ஓர் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில் தயார், பதிலின் முடிவில் ஒரு மருந்து தயார், திரையில் ஓர் எண் நிரந்தரமாக மின்னிக்கொண்டே இருக்கும். இது விளம்பரம் என்று எங்கும் எழுதியிருக்காது. நாற்பது வயதுக்காரர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து மாற்றிவிடுவார். காலமெல்லாம் வானொலியில் மருத்துவர் பேசினால் அது நிஜ மருத்துவர் என்று கேட்டு வளர்ந்தவர், மாற்றமாட்டார். எழுதிக்கொள்ள ஒரு பேனா தேடுவார்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், எழுபது ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. அதன் அட்டவணையில் 54 நோய்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. அந்தப் பட்டியலில் கண்புரை, நீரிழிவு, காது கேளாமை, இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், வாதம் எல்லாம் உண்டு. முதியோர் மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கும். இதோடு கேபிள் விதி 7இன் ஐந்தாம் உட்பிரிவு, நிரூபிக்க முடியாத அற்புத குணம் ஒரு பொருளுக்கு இருப்பதாக மக்கள் எண்ணும்படி விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஆறாம் உட்பிரிவு, விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்கிறது; காது மந்தமானவர் நிகழ்ச்சிக்காக ஒலியைக் கூட்டி வைத்திருக்க, விளம்பரம் வந்து வீட்டையே அதிரவைக்கும் கொடுமை தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். பத்தாம் உட்பிரிவைப் பற்றி முன்பே சொன்னேன். அரை மணி நேர வைத்திய நிகழ்ச்சி அதன் முதல் பாதியை அப்பட்டமாக மீறுகிறது.

ஆக, முதியவருக்குத் தேவையான பாதுகாப்பில் முக்கால்வாசி காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அவரை நினைத்து எழுதியது ஒன்றுமில்லை. செயற்கைக்கோள் சேனல்கள் தினமும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி தர வேண்டும் என்ற 2022 நெறியைப் பாருங்கள். எட்டுத் தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள்: கல்வி, வேளாண்மை, உடல்நலம், அறிவியல், மகளிர், நலிந்த பிரிவினர், சுற்றுச்சூழலும் பண்பாடும், தேசிய ஒருமைப்பாடு. முதியோர் என்று ஒரு தலைப்பு இல்லை. உள்ளூர் சேனலுக்கு அந்த 30 நிமிடக் கடமையும் இல்லை. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021இல் 13.6 சதவீதம் என்றும் 2031இல் 18.2 சதவீதம் என்றும் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஐந்தில் ஒருவரை நெருங்கும் கூட்டம் எட்டுத் தலைப்பில் அடங்கவில்லை.

ரிமோட் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 மார்ச் இறுதியோடு கேபிள் முழுவதும் டிஜிட்டலாக வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. அதற்குப் பின் டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒரு ரிமோட். டிவி ரிமோட்டில் தவறான பொத்தானை அழுத்திவிட்டால் ‘நோ சிக்னல்’ என்று நீலத் திரை. பேரன் பள்ளிவிட்டு வரும்வரை வீட்டில் டிவி கிடையாது. சேனலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்பவர்களைவிட எண்ணை நினைவில் வைத்துக்கொள்பவர்கள்தான் பெரியவர்களில் அதிகம். டிராயின் 2017 ஒழுங்குமுறையில், ஒரு சேனலுக்கு ஒதுக்கிய எண்ணை ஓராண்டுக்குள் மாற்றக் கூடாது என்று நல்ல விதி ஒன்று இருக்கிறது. அதற்கு ஐந்தாண்டு கழித்து வந்த பிளாட்ஃபார்ம் சர்வீஸ் நெறியோ, இந்தச் சேனல்களை எல்லாம் ஒரே பிரிவில் ஒன்றாக அடுக்கு, விலையைக் காட்டு, வேண்டாதவர் நீக்கிக்கொள்ள வழி வை என்கிறது. தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களுக்குப் பக்கத்தில் இருந்த உள்ளூர் சேனல், யாரும் போகாத பின்கோடிக்குப் போய்ச் சேர்கிறது. வெளிப்படைத்தன்மைக்காகச் செய்ததுதான். ஆனாலும் எண் மாறினால் அந்தப் பெரியவருக்குச் சேனலே மூடிவிட்டது என்றுதான் பொருள்.

எண்ணின் அருமை தெரிந்து செயல்பட்ட நாடு ஒன்றைச் சொல்லலாம். பிரிட்டன், ஜெரமி ஹண்ட் கலாசார அமைச்சராக இருந்தபோது, ஊருக்கு ஒரு தொலைக்காட்சி என்று திட்டம் போட்டது. பிபிசியின் உரிமக் கட்டணப் பணத்திலிருந்து ஒளிபரப்பு வசதிக்கு 2.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். இங்கிலாந்தில் இலவசத் தொலைக்காட்சி வரிசையில் எட்டாம் எண்ணைக் கொடுத்தார்கள். எளிதில் கைபடும் இடம். 2013 நவம்பரில் கிரிம்ஸ்பி நகரில் முதல் சேனல் வந்தது. அங்கே உரிமம் சேனலுக்கே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி என்று விண்ணப்பத்தில் வாக்குக் கொடுக்க வேண்டும், ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அதைக் கண்காணிக்கும்.

காகிதத்தில் நம்முடையதைவிட நூறு மடங்கு நேர்த்தி. நடந்தது என்ன? சிறு ஊரின் விளம்பர வருமானம் செய்தியாளர் சம்பளத்துக்குப் போதவில்லை. வாக்குக் கொடுத்த மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லி ஒவ்வொருவராக ஆஃப்காமிடம் வந்தார்கள். ஊருக்கு ஒன்றாகக் கொடுத்த உரிமங்கள் இரண்டு மூன்று கைகளில் சேர்ந்தன. அவற்றில் தட்’ஸ் டிவி என்ற குழுமம் எழுபது, எண்பதுகளின் பாட்டும் பழைய நகைச்சுவைத் தொடர்களும் போட்டு, முதிய பார்வையாளரைக் கொண்டே பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்தது. தலைநகரின் லண்டன் லைவ் 2014 முதல் ஓடி 2025 ஜனவரியில் நின்றது. உரிமத்தில் உள்ளூர்ச் செய்தி, திரையில் பழைய பாட்டு. நம் ஊர்க்காரர் எந்த உரிமமும் இல்லாமல் வந்து சேர்ந்த இடத்துக்கே அவர்கள் முறையான உரிமத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

இதிலிருந்து ஒழுங்குமுறையே வீண் என்று நான் முடிவுகட்டவில்லை. பழைய பாட்டு போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, அது தானாக நடக்கும். உள்ளூர்ச் செய்தி இத்தனை மணி நேரம் என்று கட்டாயப்படுத்தினாலும் காசில்லாமல் நடக்காது. ஒழுங்குமுறையால் செய்யக்கூடியது இடைப்பட்டது: சேனல் நடத்துபவருக்கு அவர் பெயரில் மலிவான பதிவு, ஒரே ஊரில் எல்லாக் கேபிளிலும் போக அனுமதி, மாறாத ஒரு எண், கண்ணீர் அஞ்சலியையும் மின்தடை அறிவிப்பையும் விளம்பரக் கணக்கிலிருந்து விலக்கிச் சட்டப்படி ஓடவிடுவது, வைத்திய நிகழ்ச்சியில் ‘இது கட்டண விளம்பரம்’ என்று தொடக்கம் முதல் முடிவுவரை, ஓடாமல் நிற்கும் பெரிய எழுத்தில் போடவைப்பது. கடைசியாகச் சொன்னதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

அதுவரை இருக்கிற வழியைப் பயன்படுத்தலாம். உள்ளூர் கேபிள் சேனலில் வருவது குறித்துப் புகார் செய்ய மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு. ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர், செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் உறுப்பினர் செயலர். மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் நலனுக்கும் பெண்கள் நலனுக்கும் பாடுபடும் அமைப்புகளின் பிரதிநிதிகள் என்று உறுப்பினர் பட்டியல் நீளும். முதியோர் நல அமைப்புக்கு இடம் ஒதுக்கவில்லை, இருந்தாலும் முதியவர் புகார் கொடுக்கத் தடையில்லை. 2023இல் கேபிள் சட்டத்தின் தண்டனைப் பிரிவிலிருந்து சிறையை எடுத்துவிட்டு, அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம், முதல் மீறலுக்கு 20,000 ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். ஒரு தைல விளம்பரத்துக்காக யாரையும் சிறைக்கு அனுப்ப எந்த அதிகாரியும் முன்வரமாட்டார். அபராதம் போடத் தயக்கம் குறைவாக இருக்கும் என்று நம்பலாம். பிளாட்ஃபார்ம் சர்வீஸில் ஒளிபரப்பிய எல்லாவற்றின் பதிவையும் எம்.எஸ்.ஓ. 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் நெறியில் இருக்கிறது. எனவே புகாரில் சேனல் பெயர், தேதி, நேரம், திரையில் வந்த மருந்தின் பெயர் ஆகிய நான்கையும் எழுதி, அந்த 90 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மருந்து வாங்கியிருந்தால் ரசீதையும் இணைக்கலாம்.